மெலிந்த முடி சிலும்பினால் எண்ணெய் தீர்வாகுமா?

கேள்வி: எனக்கு 51 வயது, சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். மாதவிடாய் நின்று ஓராண்டாகிறது. இயல்பிலேயே மெல்லிய என் முடி வகிட்டில் அடர்த்தி குறைந்துவிட்டது. காலையில் தலைக்குக் குளித்து அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் சிலும்பிவிடுகிறது. எண்ணெய் தடவினால் படிந்து மண்டை தெரிகிறது, தடவாவிட்டால் பறட்டையாக நிற்கிறது. தீபாவளிக்கு முன் ரீபாண்டிங் (இரசாயனத்தால் முடியை நேராக்குவது) செய்துகொள்ளலாமா?

பதில்: ரீபாண்டிங் வேண்டாம். அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன். முதலில், சிலும்பி நிற்பது எந்த முடி என்று பாருங்கள். பகல் வெளிச்சத்தில் வகிட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், குட்டை முடிகளின் நுனி தெளிவாகத் தெரியும். நுனி கூர்மையாகச் சிறுத்திருந்தால், அது புதிதாக முளைத்த முடி, அல்லது வேர் சிறுத்துப்போனதால் நீண்டு வளர இயலாத முடி. நுனி மொட்டையாகவோ பிளந்தோ இருந்தால் அது உடைந்த முடி. குட்டை முடியே இல்லாமல், நீளமான முடி முழுவதும் உப்பி நின்றால், அது காற்றின் ஈரப்பதம் செய்யும் வேலை.

முடியிலுள்ள கெரட்டின் என்னும் புரதம் நீராவியை உறிஞ்சக்கூடியது. முடி உலரும்போது அதன் வடிவத்தைப் பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள், ஈரம் ஏறியதும் அவிழ்ந்து வேறிடங்களில் பிணைவதால், ஒவ்வோர் இழையும் தன் போக்கில் வளைகிறது. சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். மழையில்லாத பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். நீங்கள் அரை ஈரத் தலையோடு புறப்படும் நேரமே மிக ஈரமான நேரம். இதனுடன், ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறையும் வயதில் முடியின் வளர்ச்சிக் காலம் சுருங்கி, இழை மெலிந்து, மண்டைத்தோலின் எண்ணெய்ச் சுரப்பும் குறைவதால், முடி முன்போல் படிய மறுக்கிறது.

எண்ணெயை நீங்கள் கைவிட வேண்டியதில்லை, தடவும் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். தேங்காய் எண்ணெய் இழைக்குள் ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது. ஆகவே குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு, காதுக்குக் கீழுள்ள பகுதியில் சில துளிகள் போதும். குளித்த பிறகு எண்ணெய் வேண்டாம். ஒவ்வொரு முறை ஷாம்பு போட்டதும் ஐம்பது காசு நாணயமளவு கண்டிஷனரை நுனிப் பகுதியில் மட்டும் தடவி அலசுங்கள். பின்பு ஈர முடியில் டைமெத்திகோன் என்னும் சிலிக்கோன் கலந்த சீரம் ஓரிரு துளிகள் தடவலாம். சிலிக்கோன் என்றால் பலர் அஞ்சுகிறார்கள். அது முடியின் மேல் மெல்லிய படலமாக நின்று, ஷாம்புவில் போய்விடும்.

துண்டை முறுக்கிக் கட்டாமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். டிரையர் கெடுதல் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நம்மில் பலர். ஆனால், ஈரத்தில் ஊறிய முடியை அப்படியே இறுக்கிக் கொண்டை போடுவதும் முடியை உடைக்கும். மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, காற்று வேரிலிருந்து நுனி நோக்கிச் செல்லுமாறு முழுதும் உலர்த்திவிட்டுக் கிளம்புங்கள். உடைந்த முடி வகிட்டோரமே இருந்தால் வகிட்டை அடிக்கடி மாற்றுங்கள். கனமான பூச்சரத்தை ஒரே இடத்தில் ஊசியால் குத்தி இழுக்க வேண்டாம்.

ரீபாண்டிங், முடிக்கு வலிமை தரும் கந்தகப் பிணைப்புகளையே இரசாயனத்தால் உடைத்து, சூட்டுக் கருவியால் நேராக்கும் முறை. மெலிந்த இழை அதைத் தாங்காமல் முறியக்கூடும். கெரட்டின் சிகிச்சை என்று விற்கப்படுபவற்றில் சில, சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சு வாயுவை வெளியிடுகின்றன. கிளையாக்ஸிலிக் அமிலம் சேர்ந்த, முடியை நேராக்கும் கிரீம்களால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்துள்ளன.

அடர்த்திக் குறைவுக்கு இவை எதுவும் மருந்தல்ல. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) இரும்புச்சத்து இருப்பையும் தைராய்டையும் பரிசோதிக்கக் கேளுங்கள். தேவையானால் தோல் மருத்துவரிடம் அனுப்புவார்கள். மண்டையில் வலி, செதில், வட்டமான வழுக்கை இருந்தால் தாமதிக்க வேண்டாம். மினாக்சிடில் என்னும் முடி வளர்ச்சி மருந்து பரிந்துரைக்கப்பட்டால், முதல் வாரங்களில் உதிர்வு சற்றுக் கூடலாம். பலன் தெரியச் சில மாதங்களாகும், நிறுத்தினால் அதுவும் போய்விடும். அந்த மாதங்களில் வகிட்டில் முளைக்கும் குட்டை முடிகளால் சிலும்பல் அதிகமானதுபோல் தோன்றும். அவற்றைப் பிடுங்காமல், துளி சீரம் தொட்ட மென்மையான பல் தூரிகையால் படிய வாரிவிடுங்கள்.