ஒன்றரை வயதுக் குழந்தைக்கு தினமும் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தும் எடை ஏறவில்லை. என்ன டானிக் கொடுக்கலாம்? (சேலம்)

டானிக் வேண்டாம். கஞ்சியை மாற்றுங்கள்.

நீங்கள் எழுதியது இவ்வளவுதான்: பெண் குழந்தை, 18 மாதம், எடை எட்டே கால் கிலோ, காலையும் மாலையும் ஜவ்வரிசிக் கஞ்சி, மதியம் ரசம் சாதம், இன்னும் தாய்ப்பால் உண்டு. "கஞ்சி குடிச்சா குழந்தை கொழுகொழுன்னு வந்துரும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். நீங்களும் அளவு குறையாமல் கொடுத்திருப்பீர்கள். உங்கள் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. குறை அந்தக் கஞ்சியில் இருக்கிறது.

முதலில் அந்த எட்டே கால். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 18 மாதப் பெண் குழந்தையின் நடுமட்ட எடை 10.2 கிலோ. 8.1 கிலோவுக்குக் கீழே போனால் எடைக்குறைவு, 7.2க்குக் கீழே போனால் கடும் எடைக்குறைவு. உங்கள் மகள் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறாள், ஆனால் விளிம்பில். ஒரு நாள் எடையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் கடைசி நான்கைந்து மாத எடையைக் குறித்துப் பாருங்கள். இந்த வயதில் மாதத்துக்குச் சுமார் 200 கிராம் ஏற வேண்டும். பிறக்கும்போதே எடை குறைவாக இருந்து, அதன் பிறகு சீராக ஏறி வந்திருந்தால் பயப்பட அதிகம் இல்லை. இரண்டு மூன்று மாதமாகக் கோடு படுத்தே கிடந்தால்தான் கவலை. உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்பது தனிக்கணக்கு.

இனி ஜவ்வரிசி. மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, கழுவி, அரைத்து, பாலை வடிகட்டுகிறார்கள். நார் எல்லாம் திப்பியாக ஒதுங்கிவிடும். பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் அடியில் தங்குவது மாவுச்சத்து மட்டும். அதைக் குலுக்கி மணியாக்கி, தட்டில் வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. கிழங்கில் இருந்த கொஞ்சநஞ்சப் புரதமும் சத்தும் கழுவிய தண்ணீரோடு போய்விடுகிறது. 100 கிராம் ஜவ்வரிசியில் 350 கலோரி இருக்கும், புரதம் அரை கிராம்கூட இருக்காது. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11, 12 கிராம் புரதம் தேவை. இரண்டு வேளை ஜவ்வரிசிக் கஞ்சியில் அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய பூஜ்யம்.

இன்னொரு சங்கடம் வயிற்றின் கொள்ளளவு. ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி என்பது பொதுவான கணக்கு. எட்டு கிலோ குழந்தை ஒரு வேளைக்கு 240 மில்லிக்கு மேல் குடிக்காது. ஜவ்வரிசியோ தண்ணீரை இழுத்து உப்பும் பண்டம். 30 கிராம் போட்டாலே ஒரு டம்ளர் கஞ்சி வந்துவிடும், அதில் 105 கலோரிதான். வயிறு முட்டிவிடும், குழந்தையும் தூங்கிவிடும், நாமும் நிம்மதியாகிவிடுவோம். சத்து மட்டும் உள்ளே போயிருக்காது.

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஜவ்வரிசியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது மரவள்ளிதான் என்று தெரியும். வயிற்றுப்போக்கு வந்து எதுவும் தங்காத நாளில் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுங்கள், விசேஷத்துக்குப் பாயசம் வையுங்கள், வடாம் பிழியுங்கள். வளரும் குழந்தைக்குத் தினசரி ஆகாரமாக வைக்காதீர்கள் என்பதோடு சரி. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜவ்வரிசி பால் வெள்ளையாக இருந்தால்தான் வாங்குவேன் என்று கடையில் அடம்பிடிக்கிறோமே, அந்த அடம்தான் சில ஆலைகளை வெளுப்பு ரசாயனத்தின் பக்கம் தள்ளியது. இயல்பான ஜவ்வரிசி கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். கிழங்குக்கோ விவசாயியிடம் பாயிண்ட் கணக்கில், அதாவது மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்துத்தான், விலை பேசுகிறார்கள். மழையில் பாயிண்ட் இறங்கினால் அடி அவருக்கு. வெளுப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கும் நம் பணம் அவர் கைக்குப் போவதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, எந்தக் கஞ்சி? ஒரு கிலோ மாவுக்குக் கேழ்வரகு 400 கிராம், சாமை அல்லது தினை 200, பாசிப்பயறு 150, பொட்டுக்கடலை 150, நிலக்கடலை 100. தானியமும் பயறும் சேர்வதுதான் இதன் உயிர். தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு பயறில் தாராளம். பயறில் குறைவது தானியத்தில் கிடைக்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மி.கி. அளவுக்குக் கால்சியம் உண்டு. இந்தக் கலவையில் 100 கிராமுக்கு 13 கிராமுக்குக் குறையாமல் புரதம் நிற்கும். செவ்வாய்ப்பேட்டையில் மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். இருபது வகை தானியம், பாதாம், முந்திரி, ஏலக்காய் என்று விற்கும் விலை உயர்ந்த பொடிகளுக்கு இது எந்த விதத்திலும் இளைத்ததல்ல. இருபதில் பதினாறு வகை ஒரு சிட்டிகைதான் இருக்கும்.

கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் தண்ணீரைச் சொட்டுக்கூட இல்லாமல் வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். சேலம் வெயிலுக்கு ஒரு நாளில் முளை வந்துவிடும். ஏற்காட்டுக் குளிரில் இரண்டு நாள்கூட ஆகலாம். அரை சென்டிமீட்டர் முளை போதும். புளித்த வாடை வந்தால் தண்ணீர் சரியாக வடியவில்லை என்று அர்த்தம், பூசணம் தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மலையில் மழைக்காலத்தில் முளைகட்டாமல் இருப்பதே நல்லது, காயவே காயாது. முளைத்ததை நன்றாகக் காயவைத்துக் கையால் தேய்த்தால் முளை உதிர்ந்துவிடும். பாசிப்பயறையும் சாமையையும் தனித்தனியாக மணம் வரும்வரை வறுங்கள். பயறு கருகினால் கஞ்சி கசக்கும், குழந்தை துப்பிவிடும்.

நிலக்கடலையை மட்டும் மாவு மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். எண்ணெய் கசிந்து மாவு கட்டிபிடிக்கும், பத்துப் பதினைந்து நாளில் காறல் வாடையும் அடித்துவிடும். வறுத்து, தோல் நீக்கி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மிக்ஸியில் பொடித்துத் தனி டப்பாவில் வையுங்கள். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது, அதில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கும். முழுக் கடலையை இந்த வயதில் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். முதல் முறை கால் டீஸ்பூன் பொடி கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

ஒரு வேளைக்கு நிலக்கடலைப் பொடியும் சேர்த்து 30 கிராம், அதாவது குவித்த மேசைக்கரண்டியில் மூன்று. குளிர்ந்த தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். வெந்து இறக்கியதும் ஒரு டீஸ்பூன் நெய்யோ தேங்காய் எண்ணெயோ, ஒரு டீஸ்பூன் வெல்லம். 175 கலோரி, 4 கிராம் புரதம். அதே வயிறு, அதே டம்ளர். எண்ணெய் சேர்த்தால் செரிக்காது என்று பயந்து யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 40 கலோரிக்கு மேல் இருக்கிறது, கஞ்சியின் அளவைக் கூட்டாமல் சக்தியைக் கூட்ட அதைவிட எளிய வழி கிடையாது.

"கெட்டியாக இருந்தால் குடிக்க மாட்டேன் என்கிறாள், தண்ணீர் ஊற்றத்தான் வேண்டியிருக்கிறது" என்பீர்கள். தண்ணீர் ஊற்றினால் பழைய கதைதான். இதற்கு ஒரு வழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகில் 100 கிராமை வறுக்காமல் தனியாகப் பொடித்து வையுங்கள். முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி பெருகும், அது மாவுச்சத்தை உடைக்கும். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை இறக்கி, கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்போது இந்தப் பொடியில் அரை டீஸ்பூன் போட்டுக் கிளறுங்கள். சில நிமிடத்தில் கண் முன்னாலேயே கஞ்சி இளகிவிடும். கொதிக்கும்போது போட்டால் நொதி செத்துவிடும், ஒன்றும் நடக்காது. இளகிய பிறகு, பச்சைப் பொடி சேர்ந்திருப்பதால், இன்னொரு கொதி விட்டு ஆற்றிக் கொடுங்கள். தண்ணீர் கூட்டாமலே குடிக்கிற பதம் வந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டில் ரசத்தை நிறுத்துங்கள். பருப்புத் தண்ணியும் வேண்டாம். பாத்திரத்தின் மேலே தெளிந்து நிற்பதை ஊற்றிவிட்டுப் பருப்பு கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறோம், பருப்பு அடியில் கிடக்கிறது. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு வைத்துக் குழைய வேகவிட்டு, முருங்கைக்கீரை ஒரு சிறு கைப்பிடியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, எண்ணெய் ஒரு டீஸ்பூன் விட்டு, கையால் மசித்துக் கொடுங்கள். 30 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு என்றால் எண்ணெயோடு 200 கலோரி, 5 கிராமுக்கு மேல் புரதம். ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு கிடைக்கிறது, அது முதலில் குழந்தைத் தட்டுக்குப் போகட்டும். நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து கூடுதலாக ஒட்டும்.

தினம் ஒரு முட்டை. பக்கத்தில் நாமக்கல்லை வைத்துக்கொண்டு முட்டைக்கு யோசிக்க வேண்டியதில்லை. வேகவைத்து, மஞ்சள் கருவோடு மசித்துக் கொடுங்கள், 6 கிராம் தரமான புரதம். முட்டை சாப்பிடாத வீடு என்றால் வற்புறுத்தவில்லை. கெட்டித் தயிர், கூடுதலாக ஒரு கைப்பிடி பயறு, பனீர் என்று ஈடுகட்டலாம், ஆனால் அக்கறையாகத் திட்டமிட வேண்டும். மாட்டுப்பால் அரை லிட்டரைத் தாண்டக்கூடாது. பாலில் இரும்புச்சத்து கிடையாது, வயிறும் நிறைந்து சோறு இறங்காது.

ஏற்காடு பக்கம் இருந்தால் பட்டர் ஃப்ரூட்டை மறக்காதீர்கள். காப்பித் தோட்டங்களில் காய்த்து வெளியூருக்கு லாரி ஏறிப் போகிறது. 100 கிராமில் 160 கலோரி, நல்ல கொழுப்பு, மசித்தால் வெண்ணெய். வாழைப்பழத்தோடு பிசைந்து கொடுத்தால் எந்தக் குழந்தையும் மறுக்காது. அதே மலையில் சின்னக் குழந்தைக்கும் வரக்காப்பி ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது, கீழே ஊருக்குள் டீயில் பன்னை நனைத்துக் கொடுப்பதைப் போல. இரண்டுமே இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, பசியையும் கொன்றுவிடும். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கும் பிஸ்கட்டும் அப்படித்தான்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பசி மருந்து பலவற்றில் சைப்ரோஹெப்டடின் இருக்கும். அதன் பக்கவிளைவு தூக்கம். மருத்துவர் எழுதாமல் தொடாதீர்கள். குழந்தைக்கு உண்மையில் தேவையான மருந்துகள் அரசு சுகாதார நிலையத்திலேயே இலவசம்: 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ, ஒரு வயதுக்கு மேல் ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரை, இரண்டு வயதுக்குள் அரை மாத்திரை. அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவை வாங்கி மாட்டுக்குப் போடுகிறவர்கள் உண்டு. அது நல்ல மாவு, நெய் விட்டு உருட்டிக் கொடுங்கள்.

இத்தனையும் செய்து ஒரு மாதத்தில் எடை நகரவில்லை என்றால் காரணம் தட்டில் இல்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று, வீட்டில் யாருக்காவது காசநோய், இதயக் கோளாறு என்று மருத்துவர் தேட வேண்டியிருக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் துத்தநாக மாத்திரை, நின்ற பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதல் சாப்பாடு. அங்கன்வாடியில் புஜச்சுற்றளவு நாடா இருக்கும், அளக்கச் சொல்லுங்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனம் வேண்டும். 11.5க்குக் குறைந்தாலோ, இரண்டு பாதத்திலும் விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ, குழந்தை சோர்ந்து எதையும் வாங்காமல் கிடந்தாலோ ஒரு நாளும் தள்ளாமல் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். போகும்போது தாய் சேய் நல அட்டையும், மூன்று நாளில் குழந்தை உண்மையில் எவ்வளவு சாப்பிட்டது என்று கரண்டிக் கணக்கில் எழுதிய தாளும் கையில் இருக்கட்டும்.