ரோனிக்கு எப்போது ஊசி போடுவது?

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கட நாய் ரோனிக்கு 13 வயது. சிறுநீரகம் இரண்டும் பழுதென்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. மூன்று நாளாகச் சோறு தொடவில்லை, பின்னங்கால் எழும்பவில்லை. நோகாமல் உயிர் போக ஊசி போட்டுவிடலாம் என்கிறார் வைத்தியர், பாவம் என்கிறா மாமி. வளவில் எங்கே புதைப்பது? 6 வயது மகனுக்கு என்ன சொல்வது?"

சகோதரி, மாமியின் மனம் எனக்கு விளங்குகிறது. வீட்டில் வளர்ந்த உயிரை நாமே முடிப்பதா என்ற தவிப்பு அது. ஆனால் சிறுநீரகம் கைவிட்ட நாய் பெரும்பாலும் தூக்கத்தில் அமைதியாகப் போவதில்லை. கழிவு இரத்தத்திலேயே தேங்குவதால் ஓயாத குமட்டல், வாய்ப்புண், சிலவேளை வலிப்பு என்று நாட்கணக்கில் இழுபடும். ஊசி வேண்டாமென்று முடிவெடுத்தால் அதையும் மதிக்கிறேன். அப்போதும் சும்மா விடாதீர்கள். வாந்தியை நிறுத்த, நோவைக் குறைக்க மருந்து உண்டு. தோலுக்கடியில் சேலைன் ஏற்றலாம். வைத்தியரிடம் கேளுங்கள். பனடோல், புரூபன் போன்ற நோ மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். புரூபன் இரைப்பையைப் புண்ணாக்கி, மிஞ்சிய சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இனி, எந்த நாள் என்ற கேள்வி. ரோனியின் மேலுதட்டைத் தூக்கி முரசை (பல் ஈறை) விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் பழைய நிறத்துக்கு வரவேண்டும். பிந்தினால், முரசு ஈரமின்றி விரலில் ஒட்டினால், உடலில் நீர் வற்றுகிறது. வாயில் மூத்திர வாடை அடிக்கிறதா? உங்கள் குரலுக்கு வாலையாவது அசைக்கிறதா? இவையும் மோசமென்றால் காத்திருக்காதீர்கள். "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று சொல்லாத வீடே இல்லை. ஆனால் நீர் வற்ற வற்ற இரத்த நாளம் சுருங்கி, ஊசி ஏற்ற இடம் கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்த நேரும். பிந்துவதைவிட ஒரு நாள் முந்துவதே நாய்க்கு நல்லதென்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் மயக்க மருந்து கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ரோனி அயர்ந்த பிறகு, முன்னங்கால் இரத்த நாளத்தில் அளவு கூடிய மயக்க மருந்து ஏறும். ஓரிரு நிமிடத்தில் இதயம் நிற்கும். கண் மூடாது. ஓரிரு பெருமூச்சு வரலாம், சிறுநீர் கழியலாம், தசை துடிக்கலாம். அது நோவல்ல, உயிர் போன பின் உடலில் நடப்பது. தெரியாமல் நின்றவர்கள் பதறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். முடியுமென்றால் கடைசிவரை தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். பழக்கமான கை அதற்குப் பெரிய ஆறுதல்.

புதைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் கல்லடி மணலில், மாரியில் சில அடியிலேயே தண்ணீர் ஊறும். கிடங்கு நாலடி ஆழம் வேண்டும், கிணற்றிலிருந்து நூறடியாவது தள்ளி. மணல் சரியுமென்பதால் அகலமாக வெட்டுங்கள். நீர் ஊறினால் அந்த இடம் சரிவராது. மேட்டுக் காணி உள்ள உறவினரைக் கேளுங்கள், இல்லையேல் மாநகர சபையில் விசாரியுங்கள். பருத்தித் துணியில் சுற்றுங்கள், பொலித்தீன் வேண்டாம். ஊசி மருந்து சதையில் தங்கும், ஆழமின்றிப் புதைத்தால் தோண்டித் தின்னும் தெருநாயும் சாகும். (மற்ற வாசகர்களுக்கு: குணம் மாறி, விழுங்க முடியாமல் எச்சில் வடித்து இறந்த நாய்க்கு விசர் இருந்திருக்கலாம், அதைத் தொடவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.)

மகனிடம் நித்திரை என்றோ ஊருக்குப் போய்விட்டது என்றோ சொல்ல வேண்டாம். பிறகு தூங்கவே பயப்படுவான், அல்லது வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். "ரோனிக்குச் சரியான வருத்தம், மருந்தால சுகப்படுத்த ஏலாது, செத்துப்போச்சு, இனி நோகாது" என்று நேராகச் சொல்லுங்கள். மண் போட அவன் வர விரும்பினால் வரட்டும், மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். இரண்டு கிழமை கழித்தும் "ரோனி எப்ப வரும்?" என்று கேட்பான். அந்த வயதில் அது இயல்பு. அதட்டாமல் அதே பதிலைத் திரும்பச் சொல்லுங்கள்.