இரைப்பையில் பேண்ட் போட்ட பிறகு சாப்பாட்டுக்குப் பழகுவது எப்படி? சில நாள் அடைக்கிறது, சில நாள் பயங்கரமாகப் பசிக்கிறது

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: எடை குறைக்க இரைப்பையைச் சுற்றிப் பேண்ட் என்ற வளையம் போட்டு இரண்டு மாதம் ஆகிறது, ஒரு தடவை டைட் செய்திருக்கிறார்கள், சில நாள் மூன்றாவது வாயிலேயே நெஞ்சை அடைக்கிறது, சில நாள் ஆபரேஷனே நடக்காத மாதிரி பசிக்கிறது, இது தோல்வியா, இல்லை நான் சாப்பிடும் விதம் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தோல்வி இல்லை. இரண்டாவது மாதத்தில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். சாப்பிடும் விதத்தில் மாற்ற வேண்டியது கொஞ்சம் இருக்கலாம், ஏனென்றால் பேண்ட் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தலைகீழாகத்தான் மனதில் பதிந்திருக்கிறது. நானும் சில வருடங்களாக இதோடு இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் நான் சொல்வதும் உங்கள் சர்ஜன் சொல்வதும் மோதினால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

பேண்ட் என்பது சிலிகோன் வளையம். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரைப்பையின் மேல் நுனியைச் சுற்றி மாட்டுகிறார்கள். அதன் உள்பக்கம் ஒரு பலூன் இருக்கிறது, தோலுக்கடியில் வைத்த போர்ட்டில் (ஊசி போடுவதற்கான சின்ன மூடி, குழாயால் பலூனோடு இணைந்தது) ஊசி போட்டு உப்புநீர் ஏற்றினால் இறுகும், எடுத்தால் தளரும். இரைப்பையை வெட்டுவதில்லை, குடலை மாற்றித் தைப்பதும் இல்லை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அடுத்து ஒரு படம் காட்டுவார்கள்: வளையத்துக்கு மேலே ஒரு குட்டிப் பை, அது நாலு வாயில் நிரம்பிவிடும், நிரம்பினால் சாப்பிட்டது போதும் என்று தோன்றும். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பால் ஓ'பிரையன் என்ற சர்ஜனின் குழு இதை வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறது. அவர்கள் சொல்வது வேறு. பேண்ட் சரியான இறுக்கத்தில் இருந்தால் உணவு மேலே தங்கவே கூடாது, ஒவ்வொரு வாயும் உணவுக்குழாயின் சில அழுத்தல்களில் வளையத்தைத் தாண்டிக் கீழே போய்விட வேண்டும். அப்படி நெருக்கிக்கொண்டு போகும்போது அந்த இடத்தில் உள்ள நரம்புகளில் அழுத்தம் விழுகிறது, அதுதான் மூளைக்குப் பசி போதும் என்று சொல்கிறது. ஒரு வாய் முழுவதும் கடந்து போக ஒரு நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் அடுத்த வாய் உள்ளே போனால் அது முந்தையதன் மேல் உட்காரும், மூன்றாவது அதன் மேல். ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய வாசலில் நாலு பேர் முண்டுகிற கதை. உங்கள் 'மூன்றாவது வாயில் அடைப்பு' அநேகமாக இதுதான்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வயிறு கனத்து, நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது என்று தோன்றும் வரை சாப்பிடுவதுதான் நமக்கு இத்தனை வருடமாகப் பழக்கம், பேண்ட் போட்ட பிறகும் அந்த உணர்வைத்தான் தேடுகிறோம். அந்த உணர்வு வந்தால் வளையத்துக்கு மேலே சோறு குவிந்துவிட்டது என்று அர்த்தம். தினமும் இப்படிக் குவித்தால் மேலே உள்ள பகுதி விரிந்துவிடும், உணவுக்குழாயும் சேர்ந்து விரியலாம், பேண்ட் இடம் நழுவவும் கூடும். நிறுத்த வேண்டிய இடம் அதற்கு ரொம்ப முன்னாலேயே இருக்கிறது: பசி அடங்கியதும் நிறுத்த வேண்டும், வயிறு நிறைவதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஆரம்பத்தில் இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். சாப்பிட்ட மாதிரியே இருக்காது, ஆனால் பசியும் இருக்காது. அந்த விசித்திரமான நிலைதான் நமக்கு வேண்டியது.

நடைமுறையில் எப்படி என்றால், அரை கப் அளவு, சின்னத் தட்டு, சின்ன ஸ்பூன், பென்சிலின் பின்னால் உள்ள ரப்பர் அளவுக்குத் துண்டு, வாயில் கூழாகும் வரை மெல்லுவது, விழுங்கிய பிறகு ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவது. கடைசியில் சொன்னது அற்பமாகத் தெரியும், ஆனால் ஸ்பூன் கையில் இருந்தால் கை தானாகத் தட்டுக்குப் போகும். சாப்பாட்டை இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மெதுவாகச் சாப்பிடுகிறேன் என்று ஒரு மணி நேரம் கொறித்தால் பேண்ட் இருந்தும் பயனில்லை. சாப்பிடும்போது பேச்சு, போன், கோபம் எல்லாம் வேகத்தைக் கூட்டும். பத்துப் பேரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டால்தான் எனக்கு இன்றைக்கும் அடைக்கும், தனியாக இருந்தால் அதே சாப்பாடு வழுக்கிக்கொண்டு போகும்.

உடம்பு முன்னெச்சரிக்கையும் கொடுக்கும், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. சிலருக்கு விக்கல், சிலருக்கு ஒரு சின்ன ஏப்பம், சிலருக்குப் பெருமூச்சு. எனக்கு மூக்கு ஒழுகும், நம்பமாட்டீர்கள், காரமே இல்லாத சாப்பாட்டுக்கும் கர்சீப் தேட வேண்டியிருக்கும். உங்களுடையது எது என்று கவனியுங்கள், அது வந்ததும் மிச்சத்தை வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். 'இன்னும் ஒரே ஒரு வாய்' என்பதுதான் வழக்கமாக மாட்டிக்கொள்ளும்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? மார்பெலும்புக்குப் பின்னால் இறுக்கும், வாயில் எச்சில் ஊறி நுரைநுரையாக வரும், முழுங்கவும் முடியாது. உடனே சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீர் குடித்துத் தள்ளலாம் என்று பார்க்காதீர்கள், போக வழியில்லாமல் தண்ணீரும் மேலே நின்று இன்னும் வலிக்கும். எழுந்து மெதுவாக நடங்கள், எச்சிலைத் துப்பிவிடுங்கள், பெரும்பாலும் தானாக இறங்கும் அல்லது மேலே வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் அந்த இடம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அன்றைக்கு முழுவதும் திரவ உணவோடு இருந்துவிடுவது நல்லது, வயிறு காலி என்று உடனே திரும்ப உட்கார்ந்தால் மறுபடி அடைக்கும். மணிக்கணக்கில் எச்சிலோ தண்ணீரோ கூட இறங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போய் பேண்டைத் தளர்த்த வேண்டியிருக்கும்.

அடைக்கும் உணவுகளைப் பற்றி எல்லோருக்கும் ஒரே பட்டியல் கிடையாது. இருந்தாலும் காய்ந்த இறைச்சி, மெத்தென்ற புது ரொட்டி, குழைந்து ஒட்டும் சோறு, நார்க் காய்கறி, பழத்தோல் ஆகியவை பலருக்கும் தகராறு. ரொட்டியை நன்றாக டோஸ்ட் செய்தால் போகும், இறைச்சியைக் கொத்தியோ ஈரமாக வேகவைத்தோ சாப்பிட்டால் போகும். பலருக்குக் காலையில் பேண்ட் இறுக்கமாகவும் மாலையில் தளர்வாகவும் இருக்கும், பெண்களில் சிலருக்கு மாதவிடாய் நாட்களில் இறுகும், மன அழுத்தத்திலும் இறுகின மாதிரி இருக்கும். நேற்று இறங்கியது இன்று இறங்காததற்கு இதெல்லாம் காரணம், நீங்கள் எதுவும் புதிதாகக் கெடுத்துவிடவில்லை.

சரி, பசி நாட்களுக்கு வருவோம். ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரம் திரவம், அப்புறம் மசித்தது, அப்புறம் மென்மையானது என்று கொடுப்பது எடை குறைக்க இல்லை. பேண்ட் நழுவாமல் இருக்க இரைப்பையின் ஒரு பகுதியை அதன் மேல் மடித்துத் தைத்திருப்பார்கள், அது ஆறும் வரை வாந்தியும் அழுத்தமும் கூடாது. அந்தச் சமயத்தில் உள்ளே வீக்கம் இருப்பதால் பசியே தெரியாது. வீக்கம் வடிந்ததும் பசி திரும்பி வரும், அதே சமயம் வளையத்தில் உப்புநீர் இன்னும் ஏற்றியிருக்க மாட்டார்கள் அல்லது கொஞ்சம்தான் ஏற்றியிருப்பார்கள். முதல் ஃபில், அதாவது உப்புநீர் ஏற்றுவது, வழக்கமாக நாலிலிருந்து ஆறு வாரத்தில், பிறகு சில வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. சரியான இறுக்கம் கிடைக்கச் சிலருக்குப் பல மாதம் ஆகும். நீங்கள் நடுவழியில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். இந்தக் காலத்தில் எடை நின்றுபோனாலும் கூட மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது, இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டியே உரக்கச் சொல்லவில்லை. கெட்டியான சாப்பாடு அடைத்தால் மனுஷன் என்ன செய்வான், இறங்குவதைச் சாப்பிடுவான். ஐஸ்கிரீம் இறங்கும். சாக்லேட் உருகி இறங்கும். மில்க்‌ஷேக், வாயில் கரையும் பிஸ்கட், சிப்ஸ் எல்லாமே தடையில்லாமல் போகும். இவை வளையத்தில் அழுத்தம் கொடுக்காமல் வழுக்கிப் போவதால் பசியும் அடங்காது, கலோரி மட்டும் ஏறும். கோழியும் காய்கறியும் சாப்பிட முடியாதவர் ஐஸ்கிரீமில் எடை போடுவது இப்படித்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், எடை குறையவில்லை என்று இன்னும் டைட் செய்யச் சொல்லிப் போய் நிற்பார்கள், டைட் செய்தால் கெட்டி உணவு இன்னும் இறங்காது, இன்னும் ஐஸ்கிரீம். கெட்டி உணவு எதுவுமே இறங்காமல் கூழுக்கே ஓடுகிறீர்கள் என்றால் வளையம் அதிகம் இறுகியிருக்கிறது, கொஞ்சம் எடுத்துவிட வேண்டும். தளர்த்தினால் எடை ஏறும் என்று பயப்படுவார்கள். கெட்டி உணவுக்குத் திரும்பியதும் குறைய ஆரம்பித்தவர்களும் இருக்கிறார்கள்.

தண்ணீர் விஷயம் எளிது. சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம், முடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள், மற்ற நேரமெல்லாம் நிறையக் குடியுங்கள். சோடா வகைகள் உள்ளே காற்றை அடைத்து வேதனை கொடுக்கும்.

தட்டில் புரதம் முதலில், காய்கறி அடுத்து, மாவுப்பொருள் கடைசியில். பொதுவாக டயட்டீஷியன்கள் ஒரு நாளைக்குச் சுமார் 60 கிராம் புரதம் சொல்வார்கள், அரை கப் சாப்பாட்டில் அதை எட்ட முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று யோசித்துத்தான் ஆக வேண்டும். மல்டிவிட்டமின் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பெரிய மாத்திரைகள் மாட்டும், ஆனால் எல்லாவற்றையும் பொடி செய்துவிடக் கூடாது, நேரமெடுத்துக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் ஏறும், எனவே மருந்துக்கடையில் கேட்டுவிடுங்கள். இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இன்னும் சில அறிகுறிகள் வந்தால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடவே கூடாது. இரவில் படுத்ததும் இருமல், எதுக்களிப்பு, தலையணையில் புளித்த நீர்: வளையம் அதிக இறுக்கம் அல்லது நழுவியிருக்கலாம். நன்றாக இருந்த பேண்ட் திடீரென எந்தத் தடையும் இல்லாதது போல் ஆகிவிட்டால் உப்புநீர் கசியலாம், அல்லது வளையம் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருக்கலாம். போர்ட் இருக்கும் இடம் சிவந்து சீழ் பிடித்தாலும் வளையம் அரித்திருக்குமோ என்ற அதே சந்தேகம்தான். நாள்கணக்கில் வாந்தி தொடர்ந்தால் விட்டமின் பி1 குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம், அது விளையாட்டு இல்லை.

எதிர்பார்ப்பைப் பற்றியும் கேட்காமலே சொல்கிறேன். பேண்டில் வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ குறைந்தால் நல்ல வேகம். எடை குறைக்கும் மற்ற ஆபரேஷன்களான பைபாஸோ ஸ்லீவோ செய்தவர்களுக்கு முதல் வருடம் மளமளவென்று இறங்கும், அவர்கள் படங்களோடு ஒப்பிட்டால் தூக்கம்தான் கெடும். பேண்ட் போடுவது இப்போது உலகம் முழுவதும் வெகுவாகக் குறைந்துவிட்டது, வருடங்கள் போகப் போக எடுக்க வேண்டி வந்தவர்களும் நிறைய. இதைச் சொல்லக் காரணம், ஊர் மாறினால் ஃபில் செய்யத் தெரிந்த டாக்டர் அங்கே இருக்கிறாரா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள், இது போட்டுவிட்டு மறந்துவிடும் சமாச்சாரம் இல்லை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை எது அடைத்தது, எந்த நேரத்தில், எவ்வளவு வேகமாகச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரத்தில் திரும்பப் பசித்தது, இரவில் இருமல் இருந்ததா என்று போனில் குறித்து வையுங்கள். சின்ன வாயாக, மெதுவாகச் சாப்பிட்டும் இரண்டு மணி நேரத்தில் பசி வந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்லலாம். மெதுவாகச் சாப்பிட்டும் அடைத்துக்கொண்டே இருந்தால் ஏற்றச் சொல்லாதீர்கள். குறிப்பு எதுவும் இல்லாமல் 'பசிக்குது டாக்டர்' என்று மட்டும் போய்ச் சொன்னால் ஊசியை எடுத்து இன்னும் இறுக்கிவிடத்தான் வாய்ப்பு அதிகம்.