வகுப்பைப் பார்வையிட்டுக் கருத்துச் சொன்னால் ஆசிரியர்கள் முகம் வாடுகிறது, எதுவும் மாறவும் இல்லை. ஒரு தலைமையாசிரியர் இதை எப்படிச் செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் அண்மையில்தான் தலைமையாசிரியர் ஆகியிருக்கிறார். படிவத்தோடு வகுப்புக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறார், முடிந்ததும் நிறை குறைகளைச் சொல்கிறார், ஆனால் அடுத்த முறை போகும்போதும் பாடம் அதே மாதிரிதான் நடக்கிறது என்று எழுதியிருக்கிறார். நானும் வகுப்பில் பல காலம் பாடம் நடத்திவிட்டு இந்தப் பொறுப்புக்கு வந்தவன், பார்க்கப்படுபவராகவும் பார்ப்பவராகவும் இருந்திருக்கிறேன். அதனால் நேராகவே சொல்கிறேன்.

நீங்கள் ஒரே வருகையில் இரண்டு வேலையைச் செய்யப் பார்க்கிறீர்கள். ஆசிரியருக்கு உதவவும் போகிறீர்கள், அவரை மதிப்பிடவும் போகிறீர்கள். கையில் படிவம் இருக்கும்வரை ஆசிரியர் உங்களை மதிப்பிட வந்தவராகத்தான் பார்ப்பார், அதில் அவர் மேல் தப்பே இல்லை. அன்றைக்கு அவர் நடத்துவது உங்களுக்கான பாடம். நன்றாக வரும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பகுதியை எடுப்பார், பதில் சொல்லும் பிள்ளைகளையே கேட்பார், பாடக்குறிப்பு பளிச்சென்று இருக்கும். அவருக்கு நிஜமாகவே எங்கே சிக்கல் இருக்கிறதோ அதை நீங்கள் பார்க்கவே முடியாது.

ஐந்துக்கு மூன்று, 'நன்று', 'மேம்பட வேண்டும்' என்று ஏதாவது ஒரு தரம் போட்டுவிட்டால் அதோடு எழுதும் கருத்து எவ்வளவு அருமையாக இருந்தாலும் காதில் ஏறாது. மாணவர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவுக்கு வெறும் மதிப்பெண், ஒரு குழுவுக்கு வெறும் எழுத்துக் கருத்து, மற்றொரு குழுவுக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், ஆர்வமும் நிலைத்தது. மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவேதான் இருந்தார்கள். எண்ணைப் பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிடுகிறது. பெரியவர்களான நாம் மட்டும் வேறு மாதிரியா என்ன? 1996இல் க்ளூகர், டிநிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்தே இருந்தது. கவனம் செய்கிற வேலையிலிருந்து நகர்ந்து 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் போகும்போது பின்னூட்டத்தின் பலன் தேய்ந்துபோகிறது என்பது அவர்களுடைய விளக்கம். இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்கூட 2014இல் தனித்தனிப் பாடங்களுக்குத் தரம் போடுவதைக் கைவிட்டுவிட்டது.

ஆகவே முதல் வேலை, மதிப்பீட்டையும் உதவியையும் தனித்தனியாகப் பிரிப்பது. நிர்வாகம் கேட்கும் ஆண்டு மதிப்பீட்டைத் தவிர்க்க முடியாது, அதை அதற்குரிய நாளில், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மற்ற நாட்களில் போகும்போது படிவம் வேண்டாம். அப்போது பார்ப்பது மதிப்பீட்டுக் கோப்புக்குள் போகாது என்று ஆசிரியர் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை அந்த வாக்கு தவறினாலும் அப்புறம் யாரும் உங்களை நம்ப மாட்டார்கள்.

சரி, படிவம் இல்லாமல் போய் என்ன பார்ப்பது?

பிள்ளைகளைப் பாருங்கள். ஆசிரியரின் குரல், கரும்பலகை, உட்காரும் ஒழுங்கு எல்லாம் கண்ணில் தானாகவே விழும், அவற்றுக்காகத் தனியாகப் போக வேண்டியதில்லை. ஆசிரியர் நின்று பாடம் நடத்தும் இடத்திலிருந்து அவரால் பார்க்க முடியாத ஒன்று உங்களுக்குக் கிடைக்க வேண்டும், அதற்காகத்தான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். ஒருமுறை பின்னங்கள் நடக்கும் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். மூன்றில் ஒன்று பெரிதா நான்கில் ஒன்று பெரிதா என்று ஆசிரியை கேட்டார், முன்வரிசையில் நாலைந்து பேர் "மூன்றில் ஒன்று" என்று கத்தினார்கள், ஆசிரியை சரி என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். என் பக்கத்தில் இருந்த பெண் நோட்டில் இரண்டு செவ்வகம் வரைந்திருந்தாள், ஒன்று சிறியது, மற்றொன்று ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. சிறியதை மூன்றாகவும் பெரியதை நான்காகவும் பிரித்து, இரண்டிலும் ஒவ்வொரு கட்டத்துக்கு நிழல் அடித்திருந்தாள். படத்தில் நான்கில் ஒன்றுதான் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே கரும்பலகையில் இருந்த சரியான விடையை அப்படியே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். நோட்டு திருத்தினால் அவளுக்கு ஒரு 'சரி' விழும், அவ்வளவுதான், உள்ளே இருக்கும் குழப்பம் யாருக்கும் தெரியாது.

வகுப்பு முடிந்த பிறகு அந்த ஆசிரியையிடம் நான் சொன்னது இதை மட்டும்தான்: "டீச்சர், அந்தப் பொண்ணு நோட்டுல இரண்டு படமும் வேற வேற அளவுல இருந்தது, பார்த்தீங்களா?" அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முழுசு ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்னு நான் சொல்லவே இல்லையே சார்" என்றார். மறுநாள் பாடத்தை அவர் அங்கிருந்துதான் தொடங்கினார். நான் எந்த ஆலோசனையும் சொல்லவில்லை, பாடம் தெரிந்தவருக்கு அது தேவைப்படவும் இல்லை. இதையே 'மாணவர் பங்கேற்பு போதவில்லை' என்று படிவத்தில் எழுதியிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். ஒரு தலைமையாசிரியர் வகுப்பிலிருந்து வெளியே கொண்டுவரக்கூடிய மிக மதிப்புள்ள பொருள் இப்படி ஒரு பிள்ளையின் நோட்டில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

எனவே உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பின்சுவரோடு ஒட்டி உட்காராமல் பிள்ளைகள் நடுவே உட்காருங்கள், அவர்கள் எழுதுவது தெரிய வேண்டும். பார்த்ததை அப்படியே எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். 'வகுப்பு மந்தமாக இருந்தது' என்பது தீர்ப்பு. 'கேட்ட எல்லாக் கேள்விக்கும் ஜன்னல் ஓர வரிசையிலிருந்தே பதில் வந்தது' என்பது நீங்கள் பார்த்தது. முதலாவதோடு ஆசிரியர் சண்டைக்கு வருவார், இரண்டாவதைச் சொன்னால் 'அப்படியா?' என்று கேட்பார்.

பேசும்போது ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பத்து விஷயம் கவனித்திருக்கலாம், பத்தையும் கொட்டிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் கேள்வி கேட்டபின் காத்திருக்கும் நேரத்திலிருந்து தொடங்கலாம். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தபோது, கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருந்தார்கள் என்று தெரியவந்தது. அதை மூன்று வினாடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பதிலே வராத நிலை குறைந்தது, கேட்காமலேயே பேச முன்வரும் பிள்ளைகள் கூடினார்கள். புதிய கருவி வேண்டாம், பயிற்சி முகாம் வேண்டாம், செலவு இல்லை. ஆனால் பாடம் நடத்திக்கொண்டே தன் மௌனத்தைத் தானே அளக்க யாராலும் முடியாது. பின்னால் இருக்கும் ஒருவர் கேள்விக்குக் கேள்வி வினாடியைக் குறித்துக்கொடுத்தால் ஆசிரியர் அந்தத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார்.

அதோடு விட்டுவிடக் கூடாது. பேசிய விஷயம் ஆறிப்போவதற்குள் அதே வகுப்புக்குத் திரும்பப் போங்கள், அந்த ஒன்றை மட்டும் பாருங்கள். நிறையப் பள்ளிகளில் கோட்டை விடுவது இங்கேதான். எல்லா ஆசிரியர்களையும் ஒரு சுற்று பார்த்து முடித்தாயிற்று என்று பதிவேட்டில் கணக்குக் காட்டுவதற்காக ஒவ்வொருவரிடமும் ஒரு தடவை போகிறார்கள். ஒரு பருவத்துக்கு நாலைந்து ஆசிரியர்களிடம் மட்டும் திரும்பத் திரும்பப் போவது அதைவிட எவ்வளவோ மேல். அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டப் பள்ளி முதல்வர்களின் அன்றாட நேரத்தை மூன்று ஆண்டுகள் கவனித்து கிரிஸ்ஸம், லோப், மாஸ்டர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமானது. முதல்வர்கள் கற்பித்தல் சார்ந்து செலவிட்ட நேரத்தில் வேறு எந்த வேலையையும்விடக் கூடுதலான பங்கு வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்துவிட்டு வரும் ரவுண்ட்ஸுக்கே போயிருக்கிறது. ஆனால் அந்த ரவுண்ட்ஸ் மாணவர் முன்னேற்றத்தோடு எதிர்த் திசையில்தான் தொடர்பு காட்டியது, உயர்நிலைப் பள்ளிகளில் இன்னும் கூடுதலாக. ஆசிரியரோடு உட்கார்ந்து பயிற்சி கொடுப்பதில் செலவிட்ட நேரம் நல்ல முன்னேற்றத்தோடு சேர்ந்து வந்தது. ரவுண்ட்ஸ் கெடுதல் செய்கிறது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. எட்டிப் பார்த்ததை வைத்துப் பிறகு எதுவும் செய்யாவிட்டால் அந்த நேரம் வீண் என்று தாராளமாகச் சொல்லலாம்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இந்தப் பதவியில் சுற்றறிக்கைக்குப் பதில் எழுதுவதும் பெற்றோரைச் சந்திப்பதும் வராத ஆசிரியருக்கு மாற்று ஏற்பாடு செய்வதுமே நாளை விழுங்கிவிடும். கிடைக்கும் நேரத்தில் போகலாம் என்றால் போகவே மாட்டீர்கள். கால அட்டவணை போடும்போதே வாரத்தில் இரண்டு மூன்று பாடவேளையை உங்கள் பெயரில் அடைத்துவிடுங்கள், அலுவலகத்தில் இருப்பவர்களிடமும் அந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

நீங்களும் ஒரு வகுப்புக்குப் பாடம் எடுங்கள். வாரத்துக்கு இரண்டு பாடவேளையானாலும் போதும். அந்த வகுப்புக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று சொல்லுங்கள், வந்தவர்களிடம் "என்ன பார்த்தீங்க?" என்று நிஜமாகவே கேளுங்கள், அவர்கள் சொன்னதை வைத்து அடுத்த பாடத்தில் ஏதாவது மாற்றுங்கள். ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கும் பழக்கம் வேறு எந்த உத்தரவாலும் வராது. ஜப்பானில் பல ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பிறகு கூடிப் பேசும் முறை நீண்ட காலமாக இருக்கிறது. அங்கே விவாதத்துக்கு வருவது எல்லாரும் சேர்ந்து உருவாக்கிய பாடம், தனி ஆசிரியர் கூண்டில் நிற்பதில்லை. உடனே அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை, இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாடம் தயாரித்தாலே நல்ல தொடக்கம்தான்.

வாசகர் ஒருவர் கல்லூரிக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருந்தார். பொருந்தும், அங்கே தேவை இன்னும் அதிகம். பல பல்கலைக்கழகங்களில் யாரும் யாருடைய வகுப்புக்குள்ளும் போவதில்லை, பருவ முடிவில் மாணவர்கள் நிரப்பும் கருத்துப் படிவம்தான் எல்லாம். 2017இல் உட்ல் என்ற ஆய்வாளரின் குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட தொகுப்பாய்வில், அந்தப் படிவங்களில் ஆசிரியர்களுக்கு விழும் மதிப்பெண்களுக்கும் மாணவர்கள் உண்மையில் கற்றதற்கும் சொல்லும்படியான தொடர்பு தென்படவில்லை. அதை வைத்துப் பதவி உயர்வு முடிவு செய்வதைவிட, துறைக்குள் நம்பிக்கையான ஒரு சக பேராசிரியரை வகுப்பில் வந்து உட்காரச் சொல்வது எவ்வளவோ நல்லது.

கடைசியாக, எவ்வளவு உதவினாலும் அசையாத ஆசிரியர் ஒருவர் இருக்கலாம். தயாரிக்காமல் வருவார், பிள்ளைகளை அவமானப்படுத்துவார். அது வேறு விஷயம், அதற்கு முறையான மதிப்பீட்டு வழி இருக்கிறது, எழுத்து மூலம் சொல்லி அந்த வழியிலேயே போங்கள். ஆனால் அவர் ஒருவரை மனசில் வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் கண்காணிக்கும் ஏற்பாடு செய்துவிடாதீர்கள். தொடங்கும்போது அவரிடமும் தொடங்க வேண்டாம், நன்றாக நடத்துகிறார் என்று மற்ற ஆசிரியர்களே மதிக்கும் ஒருவரின் வகுப்புக்கு முதலில் போங்கள். தலைமையாசிரியர் போய் உட்கார்ந்தால் அங்கே ஏதோ கோளாறு என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள மாட்டார்கள், அடுத்த வாரம் இரண்டாவது ஆசிரியரிடம் கேட்கும்போது அவரும் தயங்காமல் சரி என்பார்.