மேப்பிள் சிவப்பு: உங்க பையன் கேட்டது சரியான கேள்வி

டொரான்டோல இருக்கோம், இலையுதிர் காலத்துல இலை ஏன் நிறம் மாறுதுன்னா இலைக்குள்ள மஞ்சள் ஒளிஞ்சிருந்துச்சுன்னு சொன்னா அப்போ சிவப்பும் ஒளிஞ்சிருந்துச்சான்னு 5 வயசுப் பையன் கேக்குறான்னு எழுதியிருக்கீங்க, அருமையான கேள்விங்க, தயவுசெஞ்சு மழுப்பிடாதீங்க. மஞ்சள் கோடையிலயே இலைல இருக்கும், குளோரோஃபில்ங்கற பச்சை நிறமி தூக்கலா இருக்கறதால தெரியாது, செப்டம்பர் அக்டோபர்ல பகல் குறையக் குறைய மரம் புதுசா பச்சை செய்யறத நிறுத்திடும், இருக்கறதும் சிதைஞ்சு போயிடும், அப்பதான் மஞ்சள் வெளிய தெரியுது. மேப்பிள் மரத்து இலையோட சிவப்பு அப்படியில்ல, அது ஆந்தோசயனின்ங்கற நிறமி, பெரும்பாலும் அந்த சமயத்துலதான் இலைல தங்கிப்போன சர்க்கரைலேர்ந்து புதுசா உருவாகுது. "மஞ்சள் முன்னாடியே இருந்துச்சு, சிவப்பு இப்பதான் இலை செஞ்சுது"ன்னு சொல்லுங்க, அந்த வயசுக்கு அது போதும், பேரெல்லாம் வேணாம்.

செஞ்சு காட்டினா இன்னும் நல்லது. பச்சை இலையப் பொடிப்பொடியா கிழிச்சு கிளாஸ்ல போட்டு மூழ்கற அளவு ரப்பிங் ஆல்கஹால் ஊத்துங்க (நீங்களே ஊத்துங்க, ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கமே வேணாம்), கிளாஸ மூடிட்டு சுடுதண்ணி இருக்கற கிண்ணத்துல வைங்க, தண்ணி ஆறினா மாத்துங்க, நல்லா பச்சை இறங்கினதும் காபி ஃபில்டர் பேப்பர் துண்டு ஒண்ண அதுல நுனி படற மாதிரி விட்டா பச்சையோட மஞ்சளும் தனியா ஏறும், மங்கலாதான் இருக்கும், ஆனா அவனே கண்டுபிடிப்பான்.