சிமுலேட்டருக்குத் தரை கட்டும் பையனை என்ன படிக்க வைக்கலாம்?

அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பையன் பள்ளி இறுதி ஆண்டு, நடுராத்திரி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், கேட்டால் "விளையாடலம்மா, ரன்வே போட்டுக்கிட்டிருக்கேன்" என்கிறான், இதை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்பலாம். அவன் அனுப்பிய படங்களையும் குறிப்புகளையும் பார்த்தேன். சிமுலேட்டரில், அதாவது விமானம் ஓட்டுவதைக் கம்ப்யூட்டரில் நிஜம் போலக் காட்டும் மென்பொருளில், விமானத்துக்குக் கீழே தெரியும் தரையை நிஜ அளவு மாறாமல் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அந்த வேலை என்ன என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் எந்தப் படிப்பில் சேர்ப்பது என்ற உங்கள் கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் மேடு பள்ளம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த உயரத் தரவு இன்று எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம். அதை அப்படியே போட்டால் காடு இருக்கும் இடத்தில் நிலம் தூக்கிக்கொண்டு நிற்கும், ரேடார் பல இடங்களில் மண்ணை எட்டாமல் மரத்தின் தலையோடு திரும்பிவிட்டது. ரன்வே அலை அலையாக வரும். அதைச் சரி செய்ய வேண்டும், ஆனால் மேஜை மாதிரித் தட்டையாக்கிவிடவும் கூடாது, நிஜ ரன்வேக்குச் சரிவு உண்டு. அப்புறம் அந்த நிலத்தின் மேல் வான்படத்தைப் போர்த்த வேண்டும். ஒரு பிக்சல் ஒரு மீட்டர் என்றால் ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்க்க நன்றாக இருக்கும், சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் வெறும் கறையாகத் தெரியும். அதனால் ரன்வேயின் தார், கான்கிரீட் இணைப்பு, டயர் தேய்த்த கறுப்பு எல்லாவற்றுக்கும் தனியாக டெக்ஸ்சர், அதாவது மேலே ஒட்டும் நுணுக்கமான படம், செய்கிறார்கள். படத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும் நிழல்களையும் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிமுலேட்டரில் சாயங்காலம் ஆன பிறகும் கட்டடத்தின் நிழல் காலை நேரத்துத் திசையிலேயே கிடக்கும். இவ்வளவும் செய்துவிட்டு, சாதாரணக் கம்ப்யூட்டரில் திணறாமல் ஓட வைக்கவும் வேண்டும்.

அளவு விஷயத்தில் உங்கள் பையன் பிடிவாதமாக இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ரன்வே தொடங்கும் இடத்தில் வரிசையாக வெள்ளைப் பட்டைகள் இருக்குமே, அவற்றின் எண்ணிக்கை ரன்வேயின் அகலத்தைப் பொறுத்தது, 30 மீட்டருக்கு 8, 45 மீட்டருக்கு 12. அவன் எண்ணித்தான் போட்டிருக்கிறான். இறங்கும்போது விமானி தன் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட உதவுவதில் முக்கியமானது ரன்வேயின் உருவம். பழகியதைவிடக் குறுகலான ரன்வேயைப் பார்த்தால் நாம் உயரத்தில் இருக்கிறோம் என்று தோன்றும், உடனே வேண்டியதைவிடத் தாழ்வாக வரத் தோன்றும். நிஜ விமானிகள் பழகும் சிமுலேட்டரில் தரை தப்பான அளவில் இருந்தால் அவர்கள் கண்ணும் தப்பாகப் பழகும். டி நிலை என்று சொல்லப்படும் மிக உயர்ந்த வகை சிமுலேட்டர்களில், போதிய அனுபவம் உள்ள விமானி ஒரு புது ரக விமானத்துக்கான பயிற்சியையே முடித்துவிடலாம். அந்தச் சிமுலேட்டர்களின் திரையில் தெரியும் விமான நிலையங்களையும் யாரோ உட்கார்ந்து கட்டுகிறார்கள். விஷுவல் டேட்டாபேஸ் வேலை என்பார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், அந்த வேலைக்கு மட்டும் ஆள் எடுக்கும் இடங்கள் கொஞ்சம்தான், தானே காட்சிகளைத் தயாரித்து விற்பவர்களின் வருமானமும் ஏறி இறங்கும். அதனால் 'சிமுலேட்டர்' என்ற பெயரைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவன் எந்த இடத்தில் நேரம் போவது தெரியாமல் உட்கார்கிறான் என்று பாருங்கள். புல், துரு, சுவரின் அழுக்கு என்று வரைந்துகொண்டே இருந்தால் முப்பரிமாண வடிவமைப்புப் படிக்கட்டும், கேம் துறை இருக்கிறது. ஒரே வேலையை நூறு முறை செய்யச் சலித்துக்கொண்டு அதைத் தானாகச் செய்யும் சின்ன நிரல் (ஸ்கிரிப்ட்) எழுதிவிடுகிறான் என்றால் கணினி அறிவியல், அதில் கிராபிக்ஸ்.

எனக்கென்னவோ அவன் மூன்றாவது வகை என்று படுகிறது. அவன் குறிப்பில் ஒரு கோபுரம் தரையை விட்டு மிதந்த கதை இருக்கிறது. உயரத்தை இரண்டு விதமாகக் கணக்கிடுவார்கள், ஒன்று கடல் மட்டத்திலிருந்து, இன்னொன்று ஜிபிஎஸ் வைத்திருக்கும் கணித உருண்டையிலிருந்து. உலகின் சில இடங்களில் இரண்டுக்கும் இடையே 100 மீட்டர் வரைகூட வித்தியாசம் வரும். இரண்டையும் கலந்துவிட்டதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனே கண்டுபிடித்திருக்கிறான். அதனால் புவித் தகவலியல் (இடம் சார்ந்த தரவைக் கம்ப்யூட்டரில் கையாள்வது), தொலையுணர்வு (செயற்கைக்கோள், விமானம் வழியாக நிலத்தை அளப்பது), நில அளவை ஆகிய படிப்புகளை முதலில் வைப்பேன், கணினி அறிவியலை அடுத்து. வரைபடம், நகரத் திட்டமிடல், வெள்ள அபாயக் கணிப்பு, வாகன ஓட்டுநர் சிமுலேட்டர் என்று கை நீட்ட நிறைய இடம் இருக்கும். எதை எடுத்தாலும் கணிதத்தை விடக் கூடாது, திரிகோணமிதியும் மேட்ரிக்ஸும் அவனுக்குத் தினசரிச் சாப்பாடு மாதிரி.

புதிதாக எதுவும் வாங்கித் தர வேண்டாம். முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டர், வரைபடத்துக்கான கியூஜிஐஎஸ், படம் திருத்தும் கிம்ப், விமான சிமுலேட்டரான பிளைட்கியர் எல்லாமே இலவச மென்பொருள்கள். தேர்வு முடியும் வரை ராத்திரி வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், இதில் நான் உங்கள் பக்கம்தான், தூங்காத மூளை அளவில் தப்புப் பண்ணும். தேர்வு முடிந்ததும் ஒரே ஒரு ரன்வே உள்ள சின்ன விமானத் தளம் ஒன்றை முழுசாக முடிக்கட்டும், பெரிய நகரம் வேண்டாம். பாதியில் கிடக்கும் பத்துத் திட்டங்களைவிட முடித்த ஒன்று சேர்க்கை நேர்காணலில் பேசும். கூடவே இரண்டு பக்கம் எழுதட்டும்: தரவு எங்கிருந்து வந்தது, அதன் உரிமம் என்ன சொல்கிறது (இணைய வரைபடத்தில் தெரியும் படத்தை எல்லாம் எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிட முடியாது), எதை எப்படி அளந்தான், எவ்வளவு பிழை மிச்சம் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ரன்வேயில் இறங்கிக் காட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டு பக்கம் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், அதை வைத்துக்கொண்டு கல்லூரிப் பட்டியலை மூன்று பேருமாகப் போடலாம்.