'தமிழ்'னு போட்டா பைத்தான் ஏன் 5ன்னு எண்ணுது?

கேள்வி இதுதான்: 'தமிழ்'ல மூணு எழுத்துதானே, பைத்தான் ப்ரோகிராமிங் மொழியில நீளம் எண்ணுற லென் (len) போட்டா 5 வருதே, பக்-ஆ (கோளாறா)?

பக் எல்லாம் இல்லீங்க. பைத்தான் 3ல ஸ்ட்ரிங்னா (எழுத்துத் தொடர்) யூனிகோட் கோட் பாயின்ட்டோட, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் குடுத்திருக்கிற எண்ணோட வரிசை, அவ்ளோதான், நம்ம கண்ணுக்கு 'மி' ஒரு எழுத்து ஆனா உள்ள 'ம' தனி, இகரக் குறி (கொக்கி) தனி, அதே மாதிரி 'ழ்'ல புள்ளி தனி, ஆக த, ம, கொக்கி, ழ, புள்ளின்னு 5. சேர்த்துக் காட்டுறது ஃபான்ட்டும் ஸ்க்ரீன்ல வரையிற ப்ரோகிராமும்தான், பைத்தானுக்கு அதுல வேலையே இல்ல. யூடிஎஃப்-8ல (எழுத்த பைட்டா மாத்துற முறை) என்கோட் பண்ணிப் பாருங்க, ஒரு கோட் பாயின்ட்டுக்கு 3 பைட் வீதம் 15 வரும்.

ரிவர்ஸ் பண்ணிப் பாத்தா இன்னும் கூத்து: புள்ளி முன்னாடி அனாதையா நிக்கும், ம-வோட கொக்கி ழ-வுல போய் ஒட்டிக்கிட்டு 'ழிமத'ன்னு வரும் 😄

நான் நிஜமாவே தலைய பிச்சிக்கிட்டது 'கொ'லதான். ஒகரக் குறிய ஒரே கோட் பாயின்ட்டாவும் வைக்கலாம், ஒத்தைக் கொம்பு ப்ளஸ் காலுன்னு ரெண்டாவும் வைக்கலாம், பாக்க அச்சு அசல் ஒண்ணு, ஆனா ரெண்டையும் ஒப்பிட்டா ஃபால்ஸ். அதனால ஒப்பிடுறதுக்கு முன்னாடி யூனிகோட்டேட்டா மாட்யூல்ல என்எஃப்சி நார்மலைஸ் (ரெண்டு வடிவத்தையும் ஒரே வடிவமாக்குறது) பண்ணிடுங்க. எழுத்து எண்ணணும்னா பிப்-ல (பைத்தானுக்கு மாட்யூல் இறக்குற கருவி) ரெஜெக்ஸ் மாட்யூல போட்டு, பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் (\X, கண்ணுக்குத் தெரியுற ஒரு முழு எழுத்து) பேட்டர்ன் குடுங்க (பைத்தானோட கூடவே வர்ற 'ரீ' மாட்யூல் இல்ல, அதுல இந்த பேட்டர்ன் கிடையாது), 'தமிழ்'க்கு 3ன்னு வரும்.